நாய்க்குப் புழு, உண்ணி, இதயப்புழுத் தடுப்பு மருந்துகளை உரிய நாளில் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உண்ணி கண்ணில் பட்ட அன்று மருந்துக் கடைக்கு ஓடுவதும், மலத்தில் புழு நெளிந்த அன்று மாத்திரை தேடுவதும் நாய் வளர்க்கும் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டன. அப்போது கொடுக்கப்படுவது சிகிச்சை. தடுப்பு மருந்து அதற்கு வெகு முன்பே, நாய் நன்றாகத் தின்று ஓடியாடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளில், தேதி வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கப்பட வேண்டியது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத நாளில் மருந்து கொடுக்க மனம் எளிதில் வருவதில்லை; அந்தத் தேதி ஏன் அந்தத் தேதியாக இருக்கிறது என்று புரிந்தவர்களுக்கு அது எளிதாகிறது. ஆகவே அட்டவணையை மட்டும் கொடுத்துவிடாமல், அதன் காரணத்தையும் சேர்த்தே இங்கே விளக்க முயல்கிறேன்.

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் வளரும் நாய்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சில மாதங்கள் மருந்தை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ கொசுவுக்கும் உண்ணிக்கும் ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது; எனவே இங்கே தடுப்பு என்றால் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும்தான்.

முதல் படி: எந்த மருந்து எந்த நாட்களைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குடற்புழு மாத்திரை, உண்ணி மாத்திரை, இதயப்புழுத் தடுப்பு மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே டப்பாவில் இருந்தாலும் மூன்றுக்கும் நாள் கணக்கு வேறு. சுருக்கமாகச் சொன்னால், குடற்புழு மாத்திரை இன்றைக்கு வேலை செய்கிறது. உண்ணி மாத்திரை வரப்போகும் நாட்களுக்கு வேலை செய்கிறது. இதயப்புழு மாத்திரை கடந்துபோன மாதத்துக்கு வேலை செய்கிறது. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், எந்த மருந்து எவ்வளவு தாமதமானால் எவ்வளவு ஆபத்து என்பதை ஓரளவு நீங்களே கணித்துவிடலாம்.

குடற்புழு நீக்கத்துக்குப் பெரும்பாலும் பிராசிகுவான்டெல், பைரான்டெல், ஃபெபன்டெல் ஆகிய மூன்றும் கலந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது. ட்ரான்டல் பிளஸ் இவ்வகையைச் சேர்ந்தது. 10 கிலோ எடைக்கு ஒரு மாத்திரை என்பது அதன் அளவு. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு ஆகியவற்றில் அன்று குடலில் இருப்பவற்றை இது கொல்லும். பிறகு உடலில் நீடித்து நிற்பதில்லை. மறுநாளே நாய் தெருமண்ணை நக்கிப் புதிய முட்டைகளை விழுங்கினால், அந்த மாத்திரை அதைத் தடுக்காது. அப்படி விழுங்கப்பட்ட உருண்டைப்புழு வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ 4 முதல் 5 வாரம் ஆகும்; கொக்கிப்புழுவுக்கு 2 முதல் 3 வாரமே போதும். வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லப்படுவது, இந்த வேகத்துக்கும் மருந்தை அடிக்கடி கொடுக்க இயலாத நடைமுறைக்கும் இடைப்பட்ட ஓர் ஏற்பாடு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலோ, நாய் வெளியே கண்டதைத் தின்னும் பழக்கமுடையதாக இருந்தாலோ, இந்த இடைவெளியை ஒரு மாதமாகக் குறைக்கலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஆட்டுக்குடல், ஈரல் போன்றவற்றைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு நாடாப்புழு மருந்தை 6 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும்படி அறிவுறுத்தப்படுவதும் உண்டு. மனிதர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் நாடாப்புழு அந்த வழியாகத்தான் நாய்க்கு வருகிறது. அந்த இறைச்சியை நன்றாக வேகவைத்துக் கொடுப்பது எந்த மாத்திரையையும்விட உறுதியான தடுப்பு.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இப்போது அதிகம் எழுதித் தரப்படும் மெல்லும் மாத்திரைகள் வேறு வகை. நெக்ஸ்கார்டில் உள்ள அஃபாக்ஸோலனரும் சிம்பாரிகாவில் உள்ள சரோலனரும் ஒரு மாதத்துக்கும், பிரவெக்டோவில் உள்ள ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கும் நாயின் உடலில் தங்கியிருக்கின்றன. கடித்து இரத்தம் உறிஞ்சும் உண்ணி அந்த மருந்தால் செத்துவிழுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, உண்ணி கடித்தால்தான் சாகும் என்பது. மருந்து கொடுத்த பிறகும் நாயின் காதோரத்தில் உயிருள்ள உண்ணி ஒன்றைப் பார்த்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது ஒன்றிரண்டு நாட்களுக்குள் சாகும். அதேசமயம், எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் கிருமி உண்ணி பற்றிய சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் சென்றுவிடக்கூடும் என்பதால், மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்று தினமும் உடலைத் தடவிப் பார்க்கும் வேலையை நிறுத்திவிடவும் கூடாது.

இதயப்புழுத் தடுப்பைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கொசு கடிக்கும்போது நாயின் தோலுக்குள் நுழையும் இளம்புழு இதயத்தையும் நுரையீரல் இரத்தக்குழாய்களையும் சென்றடைந்து முதிர்ந்து குட்டிபோட ஆறு மாத அளவுக்குக் காலம் எடுத்துக்கொள்கிறது. ஐவர்மெக்டின், மில்பெமைசின் போன்ற மாதாந்திரத் தடுப்பு மருந்துகள் அந்தப் பயணத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ முதல் ஒன்றிரண்டு மாதங்களில் இருக்கும் இளம்புழுக்களை மட்டுமே உறுதியாகக் கொல்கின்றன. அதற்குமேல் வளர்ந்துவிட்ட புழுவை அந்தச் சிறிய அளவு மருந்து எதுவும் செய்வதில்லை. எனவே கார்த்திகையில் கொடுக்கும் மாத்திரை ஐப்பசியில் கடித்த கொசுக்கள் விட்டுச்சென்றதைத் துடைக்கிறது. கார்த்திகைக் கொசுக்களுக்கு மார்கழி மாத்திரை வேண்டும். மழைக்காலம் முடிந்து கொசு குறைந்துவிட்டது என்று டிசம்பர் கடைசியில் மாத்திரையை நிறுத்துபவர், கொசு மிகுந்திருந்த வாரங்களின் கணக்கைத் தீர்க்காமலே விட்டுவிடுகிறார்.

எல்லா நாய்க்கும் இந்த மூன்றாவது மருந்து தேவையா என்பது ஊரைப் பொறுத்தது. இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களில் இதயப்புழு மிகுதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதன் நெருங்கிய உறவான, தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்ற புழுதான் நாய்களில் அதிகம் காணப்படுகிறது. கேரளத்திலும் இலங்கையிலும் மனிதர்களின் கண்ணிலிருந்தும் தோலடியிலிருந்தும் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ள புழுக்களில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. உங்கள் பகுதியில் எது நடமாடுகிறது என்பதை உள்ளூர்க் கால்நடை மருத்துவரே அறிவார். அவரிடம் கேட்காமல் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இரண்டாம் படி: கையிருப்பில் உள்ள மருந்து எதை விட்டுவிடுகிறது என்று பாருங்கள்

ஒரு மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே அட்டவணையில் ஓட்டை விழுவதற்கு முதல் காரணம். நெக்ஸ்கார்டும் பிரவெக்டோவும் குடற்புழுவைத் தொடுவதில்லை. ட்ரான்டல் பிளஸ் உண்ணியைத் தொடுவதில்லை. மில்பெமைசின் சேர்ந்த நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ரா உண்ணி, தெள்ளுப்பூச்சி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு, இதயப்புழு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது, நாடாப்புழுவை விட்டுவிடுகிறது. பெட்டியின் மேல் உள்ள மூலப்பொருளின் பெயரைப் படித்து, ஒரு தாளில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு, இதயப்புழு என்று எழுதி, எது எந்த மருந்தால் காக்கப்படுகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். எதிரே ஒன்றும் எழுதப்படாமல் நிற்கும் பெயர்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நாயின் ஆசனவாயைச் சுற்றியோ அது படுத்த இடத்திலோ அரிசி மணி போன்ற வெண்மையான துணுக்குகள் தெரிந்தால், அவை தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவின் துண்டுகள். நாய் தன் உடலைக் கடித்துச் சொறியும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சிக்குள் அந்தப் புழுவின் இளம் பருவம் இருக்கிறது. மாத்திரை கொடுத்த சில வாரங்களில் துணுக்குகள் மறுபடியும் தெரிந்தால், குறை பெரும்பாலும் புழு மாத்திரையில் இருக்காது. தெள்ளுப்பூச்சித் தடுப்பு எங்கோ தவறியிருக்கிறது.

மூன்றாம் படி: எடை போடுங்கள்

இந்த மருந்துகள் எல்லாம் எடையை வைத்தே கொடுக்கப்படுகின்றன. நெக்ஸ்கார்டு 2 முதல் 4 கிலோ, 4 முதல் 10, 10 முதல் 25, 25 முதல் 50 என்ற வரிசையில் வருகிறது. பிரவெக்டோவில் அந்தப் பிரிவுகள் வேறு. ஐந்து மாதக் குட்டிக்குப் போன மாதம் வாங்கிய பெட்டி இந்த மாதம் பொருந்தாமல் போகலாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் கருவியில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் போதும். தூக்க முடியாத ராஜபாளையத்தையோ லாப்ரடாரையோ மருத்துவமனையின் தரை எடைமேடையில் நிறுத்தலாம்.

பெரிய நாய்க்கான மெல்லும் மாத்திரை ஒன்றை வாங்கி இரண்டு சிறிய நாய்களுக்குப் பாதியாக வெட்டிக் கொடுப்பது செலவைக் குறைக்கும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இந்த வகை மாத்திரைகளை உடைக்கக் கூடாது என்றே தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். உடைத்தால் எந்த நாய்க்கு எவ்வளவு மருந்து போனது என்று சொல்ல இயலாது. குடற்புழு மாத்திரைகளில் நடுவே கோடு இருப்பவற்றைப் பாதியாக்கலாம்.

நான்காம் படி: குட்டியின் கணக்கைத் தனியாக எழுதுங்கள்

உருண்டைப்புழுவின் இளம்பருவம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் சென்றுவிடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியே வருகிறது. ஆகவே சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்கும் புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால், மலத்தில் முட்டை தென்படுவதற்கு முன்பே குட்டி வெளுத்துச் சோர்ந்து இறந்துபோவதும் உண்டு. அதனால்தான் முதல் மருந்து 2 வாரத்திலேயே தொடங்குகிறது. பிறகு 4, 6, 8 வாரங்களில் கொடுத்து, அதன்பின் ஆறு மாத வயதுவரை மாதம் ஒருமுறையும், ஆறு மாதத்துக்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுப்பது பொதுவான முறை. இந்த வயதில் மாத்திரையைவிடத் திரவ மருந்தே எளிது. பாலூட்டும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே மருந்து தரப்பட வேண்டும். எந்த மருந்து பாதுகாப்பானது என்பதை மருத்துவர் சொல்வார்.

குட்டியை வாங்கி வருபவர்கள் விற்றவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் தேதியில் எந்தப் புழு மருந்து கொடுக்கப்பட்டது என்பது. "எல்லாம் கொடுத்தாச்சு" என்ற பதிலைத் தேதி இல்லாமல் ஏற்காதீர்கள். தேதி தெரியாவிட்டால் கொடுக்கப்படவில்லை என்றே எண்ணி, மருத்துவரிடம் காட்டிப் புதிதாகத் தொடங்குங்கள். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு புழு நீக்குவது இங்கே மருத்துவர்களின் வழக்கம். அந்த வரிசையில் இரண்டையும் எழுதினால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். மெல்லும் உண்ணி மாத்திரைகளுக்குக் குறைந்தபட்ச வயதும் எடையும் உண்டு. நெக்ஸ்கார்டுக்கு 8 வார வயதும் ஏறத்தாழ 2 கிலோ எடையும் வேண்டும். அதற்குமுன் உண்ணி இருந்தால் சீப்பாலும் இடுக்கியாலும் எடுப்பதே முறை.

ஐந்தாம் படி: ஆண்டு முழுவதற்கும் தேதிகளைக் குறியுங்கள்

அடுத்த தேதியை மட்டும் குறித்துவைப்பவர் அந்த ஒரு தேதி தவறினால் தொடர்ச்சியையே இழந்துவிடுகிறார். வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்து, இன்றிலிருந்து ஆண்டின் இறுதிவரை எல்லாத் தேதிகளையும் ஒரே அமர்வில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிறம் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் நினைவூட்டலும் வைக்கலாம். ஆனால் அது ஒருவரின் கைபேசியில் ஒருமுறை ஒலித்து, வேலை மும்முரத்தில் அணைக்கப்பட்டுவிடும். சுவரில் எழுதியது வீட்டில் உள்ள எல்லோர் கண்ணிலும் நாள் முழுவதும் படும்.

மாதாந்திர மாத்திரைக்கு ஒவ்வொரு ஆங்கில மாதத்தின் முதல் தேதி பொருத்தமானது. 30 நாளுக்குப் பதில் 31 நாளாவதால் கேடு எதுவும் இல்லை. தேதியைவிட விரத நாட்களும் விசேஷ நாட்களும் நினைவில் நிற்கும் வீடுகளில் அமாவாசையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் யோசனை. இரண்டு அமாவாசைகளுக்கு இடையே 29 அல்லது 30 நாட்களே வருவதால் அது மாதாந்திர மருந்தின் இடைவெளியோடு அப்படியே பொருந்துகிறது, பெரியவர்கள் உள்ள வீட்டில் அது மறக்கப்படுவதும் இல்லை.

12 வார மாத்திரையில்தான் கணக்கு பிசகுகிறது. 12 வாரம் என்பது 84 நாள்; அதை "மூணு மாசத்துக்கு ஒண்ணு" என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் 91 அல்லது 92 நாள் ஆகிவிடும். ஆண்டுக்கு நான்கு மாத்திரை என்றால் 4 முறை 84, அதாவது 336 நாள்தான். மிச்சம் 29 நாள் நாய் பாதுகாப்பின்றி இருக்கிறது, அதுவும் நான்கு துண்டுகளாகச் சிதறி, எப்போது என்று யாருக்கும் தெரியாமல். எனவே இந்த மாத்திரையைத் தேதியால் எண்ணாமல் கிழமையால் எண்ணுங்கள். முதல் மாத்திரை ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்பட்டால், அந்த ஞாயிறை விட்டு எண்ணி வரும் பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அடுத்தது. அதே நாளில் குடற்புழு மாத்திரையையும் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால், 84 நாளுக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். குடற்புழு நீக்கம் ஒரு வாரம் முந்துவதில் நஷ்டம் இல்லை.

கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக "மருந்து இருக்கிறதா?" என்று தனியாக ஒரு குறிப்பு எழுதுங்கள். தேதி தவறுவதற்கு மறதியைவிடப் பெரிய காரணம், அன்று மாலை பெட்டியைத் திறந்தால் அது காலியாக இருப்பதும் கடையில் அந்த எடைக்கான மாத்திரை இல்லாமல் போவதும்தான். ஒன்றைக் கொடுக்கும் நாளிலேயே அடுத்ததையும் வாங்கிவைப்பவர்கள் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் கொதிக்கும் காரிலோ சன்னலோரத்திலோ மருந்தை வைக்க வேண்டாம். மெல்லும் மாத்திரைகள் இறைச்சி மணம் கொண்டவை என்பதால், நாய் பெட்டியைக் கடித்துத் திறந்து எல்லாவற்றையும் தின்றுவிடக்கூடும். எட்டாத உயரத்தில், மூடிய அலமாரியில் வையுங்கள்.

பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். எல்லோரும் கொடுப்பார்கள் என்ற வீட்டில் ஒன்று யாருமே கொடுப்பதில்லை, அல்லது அம்மா காலையில் கொடுத்ததை அறியாமல் மகன் இரவில் மறுபடி கொடுத்துவிடுகிறார். கொடுத்தவுடன் மாத்திரை உறையின் ஒரு துண்டை வெட்டித் தடுப்பூசி அட்டையிலோ ஒரு நோட்டிலோ ஒட்டி, தேதியையும் நாயின் எடையையும் பக்கத்தில் எழுதினால், பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் அந்த நோட்டிலேயே கிடைக்கும்.

ஆறாம் படி: கொடுக்கும் நாளின் ஒழுங்கு

ஃப்ளூராலனர் மாத்திரையை உணவோடு அல்லது உணவு கொடுத்த உடனே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது குறைவாகவே உடலில் சேர்கிறது. அஃபாக்ஸோலனருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கசப்பான குடற்புழு மாத்திரையை வேகவைத்த கோழித்துண்டிலோ இட்லி உருண்டையிலோ பொதிந்து, முதலில் மருந்தில்லாத ஒரு உருண்டையைக் கொடுத்துப் பிறகு மருந்துள்ளதைக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் சந்தேகப்படாமல் விழுங்கிவிடும். விழுங்கியதை உறுதி செய்துகொண்டு, சில நிமிடம் கூடவே இருங்கள். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பின்னால் துப்பும் நாய்கள் உண்டு.

இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, அதில் மாத்திரை தெரிந்தால் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். பல மெல்லும் மாத்திரைகளுக்கு அந்த நிலையில் மறுபடி கொடுக்கும்படியே தயாரிப்பாளர் குறிப்பு சொல்கிறது.

மாத்திரைக்குப் பதில் கழுத்தின் பின்புறம் ஊற்றும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தைப் பயன்படுத்துபவர்கள் குளியல் நாளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு நாட்களுக்குக் குளியலும் ஷாம்பூவும் கூடாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தினமும் நனையும் நாய்க்கு மாத்திரையே மேல் என்பது என் கருத்து.

ஏழாம் படி: தேதி தவறிவிட்டால்

எந்த மருந்தானாலும் தவறிய நாளை ஈடுகட்ட இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மற்றபடி செய்ய வேண்டியது மருந்துக்கு மருந்து மாறுபடும்.

குடற்புழு மாத்திரை சில வாரம் தவறினால் நினைவு வந்த அன்றே கொடுத்து, அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணுங்கள். காலண்டரில் எழுதிய எல்லாத் தேதிகளையும் தள்ளி எழுதுவது அவசியம்.

உண்ணி மாத்திரை தவறினால் அதையும் உடனே கொடுக்க வேண்டும். ஆனால் இங்கே வேலை அத்துடன் முடியவில்லை. பாதுகாப்பற்ற அந்த இடைவெளியில் உண்ணி கடித்திருந்தால் காய்ச்சல் வெளிப்படப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அந்த நாட்களில் நாய் உணவை ஒதுக்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் இரத்தம் வருகிறதா, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா என்று தினமும் பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாத்திரை தவறிய விவரத்தை முதலில் சொல்லுங்கள். எர்லிக்கியாவோ, உண்ணி பரப்பும் மற்றொரு இரத்தக் கிருமியான பபீசியாவோ இரத்தப் பரிசோதனையில் விரைவில் தெரிந்தால் காப்பாற்ற முடிகிறது. நாலைந்து நாள் வீட்டு வைத்தியத்தில் கழிந்துவிட்டால், இரத்தத்தை உறையச்செய்யும் தட்டணுக்கள் சரிந்து நிலைமை கைமீறிப் போகிறது. இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்துவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதயப்புழு மாத்திரை ஓரிரு வாரம் தாமதமானால் கொடுத்துவிட்டுத் தொடரலாம். மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்தால் நீங்களாகத் தொடங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தத்தில் ஏற்கெனவே புழுக்குஞ்சுகள் நிறைந்த நாய்க்கு மருந்து கொடுத்தால் அவை ஒரே நேரத்தில் செத்து ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கலாம். முதலில் பரிசோதனை, பிறகு மருந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை என்பதே முறை. அந்த இரண்டாவது பரிசோதனையைப் பலரும் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். இதயப்புழுப் பரிசோதனை முதிர்ந்த பெண்புழுவின் அடையாளத்தையே கண்டுபிடிக்கிறது. தவறிய மாதத்தில் நுழைந்த புழு முதிர்ச்சியடைய ஆறு மாத அளவு ஆகும் என்பதால், இன்றைய பரிசோதனையில் அது தெரியாது.

எட்டாம் படி: செய்யக் கூடாதவை

மாடுகளுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கி நாய்க்குத் தோராயமாகப் போடும் பழக்கம் ஆபத்தானது. இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம் போதும். சொறி போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவர் தரும் அளவு அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் முதலிய இனங்களில் ஒரு மரபணு மாற்றத்தால் அந்த அதிக அளவு மூளைக்குள் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மெல்லும் உண்ணி மாத்திரை கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். இந்த மருந்துக் குடும்பம் சில நாய்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்திருக்கிறது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. பூனையும் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்கவும். உண்ணி மீது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுவதைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவற்றை நம்பி மாத்திரைத் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்பதாம் படி: வீட்டையும் மற்ற விலங்குகளையும் அதே அட்டவணையில் சேருங்கள்

நம் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசல்களிலும் கதவுச் சட்டத்தின் இடுக்குகளிலும் ஒளிந்துகொள்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இரை கிடைக்காமலே பல மாதம் உயிரோடு காத்திருக்கக்கூடியது அது. ஆகவே ஒரு மாதம் மாத்திரை கொடுத்துவிட்டு உண்ணி தெரியவில்லை என்று நிறுத்தினால், சுவருக்குள் காத்திருப்பவை அடுத்த மாதம் வெளியே வரும். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களைச் சிமெண்டால் அடைப்பதும், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைப்பதும், மாத்திரை தொடரும் அதே மாதங்களில் நடக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். திண்ணையில் வந்து படுக்கும் தெருநாயும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். நீங்கள் சோறு வைக்கும் நாய்க்கு மருந்தும் வைப்பது அதற்கும் நல்லது, உங்கள் நாய்க்கும் நல்லது.

மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். மலத்தோடு வெளியேறும் உருண்டைப்புழு முட்டை தொற்றக்கூடிய நிலையை அடைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேராது.

பத்தாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள், வெளியூர் போகும்போது ஒப்படையுங்கள்

ஆண்டுத் தடுப்பூசிக்குச் செல்லும் நாளில் அன்று காலை எடுத்த மலத்தை ஒரு சுத்தமான டப்பாவில் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசுக் கால்நடை மருந்தகத்தை அணுகலாம். சென்னையில் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் ஆய்வக வசதிகள் உண்டு. நோட்டைக் காட்டி, எடை மாறியிருக்கிறதா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குச் செல்லும்போது நாயைப் பராமரிப்பு விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விட நேர்ந்தால், கிளம்புவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். உண்ணி மாத்திரைத் தேதி அந்த நாட்களுக்குள் வந்தால், பல நாய்கள் கூடும் இடத்துக்கு அனுப்புவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மற்ற மருந்தின் தேதி வந்தால், மாத்திரையை அதன் உறையோடு கொடுத்து, நாயின் பெயர், எடை, கொடுக்க வேண்டிய நாள், உணவோடா வெறும் வயிற்றிலா என்ற விவரம், உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒப்படையுங்கள். கொடுத்து முடித்ததும் காலி உறையைப் படம் எடுத்து அனுப்பும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.